முந்தி விழுந்த சுரமும் என் அண்ணியும்

கீபோர்டுக்காரர் நெட்டை தன் பாட்டு பேண்டை விட்டுப் போகப்போகிறார் என்பதை என் அண்ணி நேராகக் கேட்கவில்லை. பேண்டின் சவுண்டுக்காரருடைய மனைவி பார்லரில் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டே சொன்னது அது. பக்கத்து நாற்காலியில் புருவம் திருத்திக்கொண்டிருந்த பெண் அதைக் காதில் வாங்கியிருக்கிறாள். அவள் அண்ணி வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். மறுநாள் காலை கடைக்கு வந்ததும், தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் பின்னறைக்கு வந்து நின்றாளாம்.

"அக்கா, உங்க ஆளு விலகறாராம். உடம்பு சரியில்லன்னுதான் வெளியில சொல்வாங்களாம். ஆனா நெஜக் காரணம் அது இல்லியாம். அந்தக் கைதட்டல்தானாம். 'இருபத்தி நாலு வருஷமா ஊர் ஊரா நான் பண்ண தப்புக்கே தட்டறாங்க, போதும்'னு சொன்னாராம்."

இத்தனை 'ஆம்' போட்டு வந்த செய்தியில் எத்தனை சேதாரம் இருக்கும் என்று அண்ணி முதலில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். முக்கால்வாசி பொய் என்றாலும் மிச்சம் கால்வாசி இருக்கிறதே, அது போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றார். நான் மூன்று வார விடுமுறையில் அண்ணன் வீட்டுக்கு வந்து ஐந்தாவது நாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. வீட்டில் யார் முகம் வாடினாலும் ஆஸ்பத்திரிதான் முதலில் நினைவுக்கு வரும்.

"யாருக்கு என்ன ஆச்சு அண்ணி?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. நெட்டை போறார்."

"ஐயையோ, போயிட்டாரா?"

"வாயைக் கழுவு. பேண்டை விட்டுப் போறார்."

உள்ளேயிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "அவ்வளவுதானா? நான்கூட கேஸ் தீர்ந்துபோச்சோன்னு பயந்துட்டேன்."

வழக்கமாக இதற்கு அண்ணியிடமிருந்து ஒரு பதில் வரும், அந்தப் பதிலுக்கு அண்ணன் ஒரு பதில் வைத்திருப்பார். அன்று அது நின்றுபோனதும் அண்ணனே சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

அண்ணிக்கு நாற்பத்தாறு வயது. கடையின் பின்னறையில் பத்தொன்பது வருடமாக லென்ஸை வெட்டி பிரேமில் பொருத்துகிற வேலை. முன்பக்கம் கண்ணாடிச் சுவரும் விளக்கும் ஏசியுமாக இருக்கும். பின்னால் ஒரு மேசை, தண்ணீர் பீய்ச்சியபடி லென்ஸைத் தேய்க்கும் ஒரு இயந்திரம், பிரேமைச் சூடாக்கும் ஒரு ஊதி, அரிசியில் பாதி அளவு திருகாணிகள் போட்ட டப்பாக்கள். வேலை முடிந்ததும் கண்ணாடியைத் தானே முன்னால் எடுத்துப்போய் வாடிக்கையாளரின் மூக்கில் வைப்பார். "எப்படி இருக்கு?" என்று கேட்கவே மாட்டார். கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள் என்பது அவர் கட்சி. காசு கொடுத்தவர், வரிசையில் நிற்பவர், வெட்கப்படுபவர் எல்லோருக்கும் அதே பதில்தான். ஆகவே கழுத்தைப் பார்ப்பார். படிக்கும்போது தாடை கொஞ்சம் தூக்கினால் லென்ஸ் இறங்கியிருக்கிறது. ஒரு தோள் ஏறினால் ஒரு பக்கம் குத்துகிறது. "வாய் மரியாதைக்குப் பேசும், கழுத்துக்கு அது தெரியாது" என்பார்.

இப்படிப்பட்ட நாமே, அந்த ஒரு மனிதரின் கழுத்தை இருபத்து நாலு வருடம் பார்த்தும் கோட்டைவிட்டுவிட்டோமே என்பதுதான் அவரை அரித்தது.

பேண்டில் நாலு பேர். பாடுகிறவர், கிதார், டிரம்ஸ், கீபோர்டு. கீபோர்டுக்காரர் ஆறடிக்கு மேல், அதனால் நெட்டை. மேடையில் இடது ஓரம், வாத்தியத்தின் மேல் குனிந்தபடி இருப்பார். மைக்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊரே பாடகருக்கு உயிரை விடும்போது அண்ணி மட்டும் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். "முன்னால நிக்கறவர எல்லாரும் பாத்துப்பாங்க. பின்னால இருக்கறவர் நிறுத்தினாதான் இருந்தார்னே தெரியும்" என்றார். அன்று அதைப் பாட்டைப் பற்றிய பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்பே அண்ணனிடம் அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். கச்சேரி நாளில் எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாது. அண்ணன் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போடுகிறவர். எதற்கும் புறப்படும் நேரம், சேரும் நேரம் எழுதியே பழகியவர். அவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆனாலும் ஒத்துக்கொண்டார். இதுவரை அறுபத்தோரு கச்சேரி, அறுபத்தோரு தடவையும் வாயைத் திறக்கவில்லை. "காதல்னா என்னன்னு எங்கிட்ட கேளு" என்பார் என்னிடம்.

இனி அந்தக் கைதட்டல்.

பேண்டுக்கு அப்போது பெயர்கூட நிலைக்கவில்லை. ஒரு பாலிடெக்னிக் முற்றத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது பேர் முன்னால் வாசித்தார்கள். அண்ணி அங்கே படித்துக்கொண்டிருந்தார், முதல் வரிசையில் நின்றார். மழையைப் பற்றிய ஒரு பாட்டு. டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டி நாலு எண்ண வேண்டும், நாலு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து தொடங்க வேண்டும். மூன்று எண்ணும்போதே நெட்டையின் விரல் இறங்கிவிட்டது. ஒற்றைச் சுரம், முற்றத்தில் தன்னந்தனியாகத் தொங்கியது. மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். பாடகர் திரும்பி முறைத்தார். நெட்டை இரண்டு கையையும் சூட்டில் பட்டதுபோல எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அண்ணி ஒரே ஒரு தடவை கை தட்டினார். ஏதோ வேண்டுமென்றே செய்ததுபோல, அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்பதுபோல. நாலு பேர் சிரித்தார்கள், பகையில்லாத சிரிப்பு. பாட்டு திரும்பத் தொடங்கியது. அடுத்த மாதம் வேறொரு இடத்தில் அதே பாட்டுக்கு மூன்று எண்ணும்போது அண்ணி மறுபடி தட்டினார். கூட இன்னும் பத்துக் கை சேர்ந்தது. நெட்டை நிமிர்ந்து பார்த்தார், பிறகு அந்த ஒற்றைச் சுரத்தை வேண்டுமென்றே தட்டினார். கூட்டம் கூவியது.

அவ்வளவுதான், அது சடங்காகிவிட்டது. ஐம்பது பேர், ஐந்நூறு பேர், ஆயிரம் பேர் ஆனாலும் மூன்றில் ஒரு தட்டு, ஒரு முந்திய சுரம், ஒரு ஆரவாரம், பிறகுதான் பாட்டு. முதல் கை யாருடையது என்பது யாருக்கும் தெரியாது. அண்ணியும் சொன்னதில்லை. ஆயிரம் பேர் நடுவே, இதை ஆரம்பித்தது நான்தான் என்று உள்ளுக்குள் வைத்துக்கொள்வதில் ஒரு சுகம் இருந்ததாம். "பேங்க் லாக்கர்ல நகை வெச்சிருக்கற மாதிரி. போட்டுக்க வேணாம், இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

இப்போது அந்த நகை திருட்டு நகை என்று யாரோ வந்து சொல்லிவிட்டார்கள்.

வதந்தி வந்து நாலாம் நாள் பேண்டே அறிவித்துவிட்டது. முதுகுவலி காரணமாக விலகுகிறார், பதினெட்டாம் தேதி சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இதே ஊர் அரங்கில் அவருடைய கடைசி நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு விமானம்.

அறிவிப்பைப் படித்துவிட்டு அண்ணன் ஆறுதல் சொல்ல வந்தார். "பாத்தியா, முதுகுவலிதான். பார்லர்ல சொன்னதையெல்லாம் நம்பினா பைத்தியந்தான் பிடிக்கும்."

"உடம்பு சரியில்லன்னுதான் சொல்வாங்கன்னு அவ சொன்னாளே. அப்படியே சொல்லிட்டாங்க."

"சரி, கைதட்டல்னே வெச்சுக்க. விளையாட்டுக்குத் தட்டினது. அவரும் சிரிச்சுக்கிட்டுதானே வாசிச்சார்?"

"நானுந்தான் சிரிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார் அண்ணி.

"நீ எங்க சிரிக்கற? நாலு நாளா மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க."

"இப்ப இல்ல. உங்க வீட்டுல."

அண்ணனுக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் அப்பாவுக்குக் கண்ணாடி செய்து கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இடது லென்ஸை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டுவிட்டார். அப்பா மருமகள் மனம் நோகக் கூடாதென்று ஒன்றும் சொல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் தடுமாறி, வந்த விருந்தாளிக்குப் பதில் அவர் பின்னால் இருந்த கதவுக்குக் கை நீட்டினார். அன்றிலிருந்து அண்ணிக்கு எங்கள் வீட்டில் 'இடவலம்' என்று பெயர். அந்தக் கதையைச் சொல்லாமல் ஒரு பிறந்தநாள் முடிந்ததில்லை. நடித்துக் காட்டுகிறவள் நான்தான். கதவுக்குக் கை நீட்டும் இடம் வரும்போது அண்ணியும் சேர்ந்து சிரிப்பார்.

"பத்தொன்பது வருஷத்துல எத்தனை ஆயிரம் கண்ணாடி போட்டிருப்பேன்" என்றார் அண்ணி. கோபமே இல்லை குரலில். "ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? அதை யாரும் நடிச்சுக் காட்டினதில்ல. உங்களைக் குத்தம் சொல்லல. எனக்கே இப்பதான் தோணுது. சிரிச்சா பிடிச்சிருக்குன்னு அர்த்தமில்ல. சிரிக்கலன்னா ரோஷக்காரின்னு ஆயிடும், அதுக்காகவும் சிரிக்கலாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அந்த நிமிடத்தில் அவர் தன்னைப் பற்றிப் பேசவில்லை, நெட்டையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்பே கைப்பேசியில் பழைய வீடியோக்களைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். ரசிகர்கள் எடுத்துப் போட்ட ஆட்டம் காணும் வீடியோக்கள். என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "முகத்தைப் பாக்காத. தோளைப் பாரு." குச்சி ஒன்று, இரண்டு. மூன்று வருவதற்கு முன்பே நெட்டையின் இரண்டு தோளும் காதை நோக்கி ஏறின, ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவன் போல. தட்டு விழுந்தது. சிரித்தபடி சுரத்தை அடித்தார். தோள் இறங்கியது. வேறு வருடம், வேறு மேடை, வேறு சட்டை, அதே தோள். பதினோரு வீடியோ பார்த்தோம்.

"மூணாவது வீடியோலயே தெரிஞ்சுபோச்சு" என்றார். "மீதி எட்டையும் இல்லன்னு ஆகிடாதான்னு பாத்தேன்."

"குளிரா இருக்கும் அண்ணி. முதுகுவலியா இருக்கும்."

"இருக்கும்" என்றார், எனக்காக.

மறுநாள் ஒரு நோட்டை என் முன்னால் போட்டார். "நீ ரெண்டு பாஷையில படிச்சவ. அவருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு. மன்னிப்பு கேக்கற மாதிரி."

எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு எந்த மொழியிலும் மன்னிப்புக் கேட்கத் தெரியாது என்று தெரிந்தது. தமிழில் எழுதினால் 'தங்களுக்கு நேர்ந்த மன வருத்தத்திற்கு' என்று தொடங்கியது. அண்ணி படித்துவிட்டு, "நாளைக்கு தண்ணி வராதுன்னு ஒட்டற நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார். நான் வேலை பார்க்கும் நாட்டு மொழியில் அது நாக்கில் தானாக வரும். பஸ்ஸில் தோள் இடித்தாலும் அதே சொல்தான், ஒருவர் வீட்டில் சாவு விழுந்தாலும் அதே சொல்தான். அவ்வளவு புழங்கிய சில்லறையை இதற்குக் கொடுக்க எனக்கே மனம் வரவில்லை. பிறகு அண்ணி சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். நாலு பக்கம் வந்தது. அவரே திரும்பப் படித்தார்.

"இதுல நான் எத்தனை கச்சேரி பாத்தேன், எங்க நின்னேன், எப்ப அழுதேன்னுதான் இருக்கு. அவருக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வரி இல்ல."

"அது நமக்குத் தெரியாதே அண்ணி."

"அதைத்தான் சொல்றேன். இத்தனை வருஷம் பாத்து, அது தெரியல."

நாலு பக்கத்தையும் மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

இதற்கு நடுவே ரசிகர் குழு சும்மா இருக்கவில்லை. குழுவுக்குத் தலைவர் 'டிக்கெட்'. எந்த நிகழ்ச்சிக்கும் எப்படியாவது டிக்கெட் பிடித்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். புதன்கிழமை குழு அங்கே கூடியது. அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடை முழுக்கச் சூடான காகித வாசனை. டிக்கெட் ஆயிரத்து இருநூறு துண்டுத்தாள் அடித்து அடுக்கி வைத்திருந்தார். அரங்கில் ஒவ்வொரு நாற்காலியிலும் ஒன்று. மூன்று எண்ணும்போது எல்லோரும் ஒரே தட்டு. பிறகு வழக்கம்போல ஆரவாரம் கிடையாது. பத்து விநாடி மூச்சுவிடாத அமைதி. அந்த ஒற்றைச் சுரம் மட்டும் அரங்கம் முழுக்கக் கேட்க வேண்டும்.

"அழுதுடுவார் பாருங்க, மனுஷன்" என்றார் டிக்கெட். கூடியிருந்த எட்டுப் பேரும் இப்போதே அழுதுவிடுவார்கள் போல இருந்தது.

அண்ணி மெதுவாக ஆரம்பித்தார். "டிக்கெட் அண்ணே, இதை வேணாம்னு விட்டுடலாமா?"

"எதை? கலரை மாத்தணுமா?"

"தட்டறதையே."

யாரோ சிரித்தார்கள். அண்ணி பார்லர் செய்தியைச் சொன்னார், தோளைச் சொன்னார். ஜெராக்ஸ் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட் அதை நிறுத்தினார்.

"தங்கச்சி, அது நம்ம அடையாளம். அவருக்கும் நமக்கும் நடுவுல இருக்கற ஒரே பேச்சு அதுதான். அதை எடுத்துட்டா கடைசி நாளு நாம யாரோ, அவர் யாரோ. உனக்குத் தெரியுமா, அதை ஆரம்பிச்சதே நான்தான். அந்த முற்றத்துல முதல் கை இந்தக் கை." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மையில் கறுத்த கை.

அண்ணி அதையே சிறிது நேரம் பார்த்தார். டிக்கெட் பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது அண்ணிக்குத் தெரியும். மறுத்ததில்லை. உள்ளே சிரித்துக்கொண்டதோடு சரி.

"அண்ணே, அது நீங்க இல்ல. நான்."

"என்னது?"

"முதல் வரிசை. பச்சைச் சுடிதார். உங்களை நான் அங்க பாக்கவே இல்ல."

"அடேங்கப்பா. இத்தனை வருஷம் கழிச்சு, கடைசி வாரத்துல வந்து பெருமைல பங்கு கேக்கறியா?"

"பெருமையை நீங்களே வெச்சுக்குங்க. நான் தப்பை எடுத்துக்க வந்திருக்கேன்."

டிக்கெட்டுக்கு முகம் கறுத்தது. குழுவில் இருந்த பல் டாக்டர் ஒருவர் சமாதானம் செய்தார், மற்றவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். உண்மை என்னவென்று யாருக்குத் தெரியும், அவரே சொன்னாரா, சொன்னதைக் கேட்டவர் யார். கடைசியில் டிக்கெட் துண்டுத்தாள் கட்டின் மேல் கை வைத்துச் சொன்னார். "சரி. பார்லர் பேச்சுக்கெல்லாம் நான் நிறுத்த மாட்டேன். அவர் வாயால வேணாம்னு ஒரு வார்த்தை கொண்டா. சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் டைம். அஞ்சுக்கு அரங்கத்துக் கதவு திறப்பாங்க, நான் நாற்காலில தாள் வைக்க ஆரம்பிச்சிடுவேன். ஆனா ஒண்ணு தங்கச்சி, நாம தட்டலன்னு வெச்சுக்க, அவர் ஆசையா காத்திருந்து ஏமாந்தா? அந்தப் பாவம் யார் தலைல?"

திரும்பி வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அண்ணி, "அவர் சொன்னதும் நியாயந்தான். தட்டினாலும் தப்பா இருக்கலாம், தட்டாம இருந்தாலும் தப்பா இருக்கலாம்" என்றார். "மறுபடியும் அவரைக் கேக்காம நாமளே முடிவு பண்றோம் பாரு."

வெள்ளிக்கிழமை சவுண்டுக்காரர் கடைக்கு வந்தார். தூரம் கிட்டம் இரண்டுக்குமான புதுக் கண்ணாடியை வாங்கிப்போக. அவர் அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர். அதனால்தான் அவர் மனைவி பேசுவதையெல்லாம் கண் பார்க்கும் பெண் காது கொடுத்துக் கேட்பது. அன்று நானும் கடையில் இருந்தேன், என் கண்ணாடி மூக்கில் வழுக்குகிறது என்று ஒரு சாக்கு. அண்ணி அவர் மூக்கில் கண்ணாடியை வைத்தார், காதுக்குப் பின்னால் விரலால் தடவிப் பார்த்தார், படிக்க ஒரு அட்டையைக் கொடுத்தார், கழுத்தைப் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டார்.

சவுண்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "என் வீட்டுக்காரி ஊர் பூரா சொல்லிட்டாளா? அவளுக்கு மைக்கே வேணாம் மேடம்."

"அப்ப அது நெஜமா சார்?"

"சொன்னது நெஜம். வேன்ல வரும்போது சொன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார்."

"சிரிச்சுக்கிட்டேவா?"

"அவர் எதையும் அப்படித்தான் சொல்வார். போன வருஷம் அவங்க அப்பா இறந்ததையும் அப்படித்தான் சொன்னார். அதனால வெளையாட்டா, நெஜமான்னு எனக்கும் தெரியாது. முதுகுவலியும் நெஜந்தான். ரெண்டும் இருக்கலாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு சொல்றேன். ரிகர்சல்ல அவர் மூணுக்கு வாசிக்கவே மாட்டார். நாலு முடிஞ்சு எல்லாரும் சேந்து வர்ற மாதிரிதான். அவ்வளவு சுத்தமா இருக்கும் மேடம் அந்த ஆரம்பம். கதவைத் திறந்தா மழை உள்ள வர்ற மாதிரி. வெளியில ஒருத்தரும் கேட்டதில்ல."

"நானும் கேட்டதில்ல" என்றார் அண்ணி.

அண்ணி கையில் இருந்த சிறிய திருப்புளி மேசையில் விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. சவுண்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடையின் பில் பின்னால் ஒரு எண்ணை எழுதினார். "நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க. நீங்களே கேட்டுடுங்க. நாளைக்கு மூணரைக்கு மேல அரங்கத்துல மைக் சரிபார்ப்போம், அப்புறம் போனைத் தொட மாட்டார். அதுக்கு முன்னாடி பண்ணுங்க. தெரியாத நம்பர்னா எடுப்பாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது."

அன்று மாலையே கூப்பிடச் சொன்னேன். அண்ணி மாட்டேன் என்றார். என்ன கேட்பது என்று முதலில் தெரிய வேண்டும் என்றார். சாப்பிட்டுக்கொண்டே பாதியில் நிறுத்தி ஒரு வாக்கியம் சொல்வார், பிறகு வேண்டாம் என்று தலையாட்டுவார். அண்ணன் நெட்டையாக நடித்தார். "ஹலோ, யாருங்க?" என்றார் கட்டைக் குரலில்.

"சார், நான் உங்க ரசிகை…"

"கட்" என்றார் அண்ணன். "அப்படி ஆரம்பிச்சா மனுஷன் வெச்சிடுவான். செல்ஃபிக்குத்தான் கேக்கறன்னு நெனப்பான்."

"சார், முதல்ல கை தட்டினது நான்தான்."

"அது உன்னைப் பத்தி. நீயே சொன்னியே, லெட்டர்ல எல்லாம் உன்னைப் பத்தியே இருக்குன்னு."

அண்ணி சிரித்துவிட்டார். அந்த இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. அது உண்மையான சிரிப்புதானா என்று அவர் கழுத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த வித்தை தெரியாது.

சனிக்கிழமை கடைக்கு அரை நாள் விடுப்புக் கேட்டிருந்தார். ஆனால் அவசர வேலை ஒன்று வந்துவிட்டது. கண்ணாடி உடைந்த ஒரு பள்ளி ஆசிரியை, அது இல்லாமல் தெருவைத் தாண்ட முடியாது என்று உட்கார்ந்திருந்தார். இரண்டரைக்கு நான் கடைக்குப் போனபோது அண்ணி கடைசி லென்ஸை இயந்திரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். மேசை ஓரத்தில் எண் எழுதிய பில், அதன் மேல் கைப்பேசி. முடித்து, துடைத்து, முன்னால் போய் ஆசிரியையின் மூக்கில் வைத்துச் சரிபார்த்துவிட்டு வந்து, கையைக் கழுவினார். மணி இரண்டு நாற்பது.

"என்ன கேக்கப்போறீங்க அண்ணி?"

"ஒண்ணே ஒண்ணு. இன்னைக்கு அந்தப் பாட்டை எப்படி ஆரம்பிக்க ஆசைன்னு கேக்கப்போறேன். அவ்வளவுதான். யார் தட்டினாங்க, யாரு மன்னிப்பு கேக்கறாங்க எல்லாம் வேணாம். அவர் தட்டுங்கன்னா தட்டறேன். வேணாம்னா டிக்கெட்கிட்ட சண்டை போட்டாவது நிறுத்தறேன்."

"அதுக்காகத்தான் விலகறாரான்னு கேக்க மாட்டீங்களா?"

அண்ணி கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "அது எனக்குத் தெரியணும். அவர் எனக்குச் சொல்லணும்னு இல்ல."

எண்ணை அழுத்தினார். முழுதும் அடித்து நின்றுபோனது. டிக்கெட்டிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அரங்க வாசலில் ஆயிரத்து இருநூறு தாளோடு நிற்கும் படம், கீழே ஒரு கேள்விக்குறி. அண்ணி அதைப் படித்துவிட்டுத் தள்ளிவைத்தார். இரண்டாவது தடவையும் அடித்து நின்றது. மூன்று மணிக்கு ஒன்று, மூன்று பத்துக்கு ஒன்று. 'கண்ணாடிக் கடையிலிருந்து, ஒரு நிமிடம் மட்டும்' என்று ஒரு செய்தி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது என்று காட்டியது, படித்ததாகக் காட்டவில்லை. நாளைக்கு இந்நேரம் நான் ஆகாயத்தில் இருப்பேன், அவர் பிறகு எப்போதாவது கூப்பிட்டால் யாராவது எழுதித்தான் எனக்குத் தெரியும்.

மூன்று இருபத்தாறுக்கு மறுபடி அழுத்தினார். நான் கேட்காமலேயே ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார், திருகாணி டப்பாக்களுக்கு நடுவில். முன்னாலிருந்து கண் பார்க்கும் பெண் குரல் கொடுத்தாள்.

"அக்கா, கண்ணாடி வாங்கிட்டுப் போக கஸ்டமர் ஒருத்தர் வந்திருக்கார்."

"ரெண்டு நிமிஷம் உக்காரச் சொல்லு" என்றார் அண்ணி, கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கைப்பேசியில் நாலாவது மணி அடித்தது. ஐந்தாவது. அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். ஏழாவது மணி அடிக்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தயாராக நின்றார்.